வேண்டுதலுக்கு முளைத்த வால்

அம்மை போட்ட வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று என் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் தெருவே குரலைத் தணித்துக்கொள்ளும். அடுப்பங்கரையில் தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. தலை வாரக் கூடாது. வெளியே கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பிச்சை கேட்டு வந்தவருக்கு ஒரு பிடி அரிசி போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட பேச்சு வாயில் வரவே கூடாது. வந்திருப்பது அம்மன் அல்லவா; அவளையும் அம்மா என்றுதான் சொல்வோம். விருந்தாளியாக வந்தவள் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாயை மூடிக்கொள்ளலாம். மனசை எப்படி மூடுவது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. என் தம்பியை நான் சாகடித்துவிடப் போகிறேன் என்று நம்பிக்கொண்டே ஒரு கோடைக்காலம் முழுவதையும் கழித்தேன். ஊர்க்காரர்களான நீங்கள் எல்லாம் நுங்கு தின்றுகொண்டிருந்த கோடைதான் அது.

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. வீட்டில் அம்மா, நைனா, நான், தம்பி. நைனாவின் அக்காவான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து, பெரியம்மையில் போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். ஆனால் தம்பி தும்மினால்கூட அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

எனக்குள் இருந்த கோளாறு அம்மையோடு வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கரைமேல் நடக்கும்போது, பின்னால் வருகிற தம்பி ஏரியில் விழுந்துவிட்டானோ என்று திரும்பிப் பார்ப்பேன். அவன் குச்சியால் புல்லை அடித்துக்கொண்டு வந்துகொண்டிருப்பான். திரும்பி நடப்பேன். இப்போது விழுந்திருந்தால்? மறுபடி திரும்புவேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கழுத்து வலிக்கும். வயலில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு, "தம்பி மேல இன்னா பாசம் பாரு அந்தப் பொண்ணுக்கு" என்பார்கள். பாசமும் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

பங்குனி வெயிலில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் குளிப்பாட்டப் போன அம்மா, சட்டையைக் கழற்றியதும் அப்படியே நின்றாள். வயிற்றிலும் முதுகிலும் சின்னச் சின்ன நீர்முத்து. அத்தை எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்துக்கீறா. கத்தாத. அயுவாத. வெள்ளை வேட்டி எடுத்தா."

அதற்குப் பிறகு வீடு அத்தையின் கைக்குப் போனது. கூடத்து மூலையில் நைனாவின் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வேப்பிலையைப் பரப்பி, தம்பியைப் படுக்கவைத்தார்கள். நைனா உயிராக வைத்திருந்த ரேடியோவைத் துணியால் மூடிப் பரண்மேல் ஏற்றினார்கள். அரிப்பெடுத்தால் வேப்பங்கொழுந்தால் தடவிவிட வேண்டும், நகம் படக் கூடாது. வீடு முழுக்க வேப்பிலைக் கசப்பும் மஞ்சள் வாசனையும் வியர்வையும்.

காலையிலும் சாயங்காலமும் ஒரு பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, வேப்பிலைக் கொத்தால் தம்பியைச் சுற்றித் தெளிக்க வேண்டும். தெளிக்கும்போது "தாயே, குளுந்து போயிடு" என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். வயதுக்கு வராத பெண் பிள்ளை செய்தால் விசேஷம் என்று அத்தை அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். சொம்பின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. அதில் கட்டைவிரலைப் பொருத்திக்கொண்டு நான் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன்.

ஒரு சாயங்காலம் தெளித்துக்கொண்டே "தாயே, குளுந்து போயிடு" என்றேன். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது.

இவனையும் இட்டுக்கினு போயிடு.

யாரும் சொல்லவில்லை. என் மனசுக்குள், என்னுடைய குரலிலேயே வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான், மூக்கு நுனியில்கூட ஒரு முத்து. நான் என்ன சொல்லிவிட்டேன்? யாரிடம் சொல்லிவிட்டேன்? கேட்கிறவள் கூடத்திலேயே இருக்கிறாள். எனக்கு உள்ளங்கை சில்லிட்டது. அவசரமாக மறுபடி சொன்னேன். மறுபடியும் வால். இன்னொரு தரம். வால் வராமல் ஒரு தரமாவது முடிந்தால்தான் முன்னால் சொன்னது அழியும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டத்தை எனக்கு யார் கொடுத்தது என்று இப்போது கேட்டால் தெரியாது. அப்போது அது வந்திருந்த அம்மனே போட்ட சட்டம் மாதிரி இருந்தது.

அதிலிருந்து என் வேலை பெருகியது. வால் வந்தபோது கையில் இருந்த வேப்பிலை கெட்டுப்போனது, ஆகவே புதுக்கொத்து ஒடிக்க வேண்டும். சொம்புத் தண்ணீரும் கெட்டுப்போனது, கொட்டிவிட்டுப் புதிதாக மஞ்சள் கரைக்க வேண்டும். பாதியில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து. சுத்தமாக முடிந்தது என்று ஒரு நிம்மதி வரும். சொம்பைக் கவிழ்த்துவிட்டு வாசல் வரை போவேன். நிஜமாகவே சுத்தமாக முடிந்ததா, கடைசியில் லேசாக ஏதோ வந்ததே? திரும்புவேன். கொல்லையில் இருந்த வேப்பமரத்தின் கீழ்க்கிளைகள் மொட்டையாகிவிட்டன. அந்த மரத்துக்கு மட்டும் வாயிருந்தால் என்மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கும்.

யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. அம்மா கிணற்றடியில் தனியாகத் துணி அலசும் நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

"அம்மா, கும்பிடறப்போ எனக்குக் கெட்டதா தோணுது."

அவள் ஈரக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "அம்மா கீற வூட்ல இன்னா பேச்சுடீ இது? கெட்டதுன்ற வார்த்தையே வரக்கூடாதுன்றேன்." என்னைத் தரதரவென்று இழுத்துப்போய் மஞ்சள் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைத்தாள். என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளச் சொன்னாள். செத்துப்போன பிள்ளையை அவள் நினைத்துக்கொண்டாள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம், இதை நினைப்பது ஒரு பாவம், வெளியே சொல்வது அதைவிடப் பெரிய பாவம் என்பதுதான். அதற்குப் பிறகு பெரியவர்கள் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

அத்தைக்கோ நான் செய்கிறதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. விடிந்ததிலிருந்து ஒரு பெண், சோறு தண்ணி நினைப்பில்லாமல், கண்ணில் நீர் வழிய அம்மா முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? வேலி ஓரத்தில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாஷ்டா துண்ண கூப்ட்டா வரமாட்டேன்றா. ஒருக்கா தெளிச்சா போதும்னு சொன்னா கேக்கறதில்ல. அம்மா இவமேலயும் பார்வை வச்சிக்கீறா, சொல்லிட்டேன் பாத்துக்கோ."

அந்தக் கோடையில் தெருவில் பல வீடுகளில் வேப்பிலை தொங்கியது. தம்பியின் முத்துக்கள் வாடத் தொடங்கியதும் பேச்சு பரவிவிட்டது. அந்தப் பெண் கையால் தெளித்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறதாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அழைக்க வந்தார்கள். அத்தை சொம்பை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கவிட்டாள். நான் போகாமல் இருக்க முடியுமா? போகாவிட்டால் அதற்கும் ஏதாவது ஆகுமே. போனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் வால் முளைத்தது. இதையும் இட்டுக்கினு போயிடு. ஒரு தம்பியைச் சுமந்துகொண்டிருந்தவள் இப்போது தெருப்பிள்ளைகள் எல்லோரையும் சுமந்தேன். வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்காகவும் தனித்தனியாகச் சொல்லி அழிக்க வேண்டும். யாரையாவது விட்டுவிட்டேனா என்ற சந்தேகத்தில் முதல் பிள்ளையிலிருந்து தொடங்குவேன். உள்ளே பயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது, வெளியே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பேஜாரான நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

தெருக் கோடியில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர் வீடு. அவருடைய கைக்குழந்தைக்கு மணல்வாரி அம்மை. என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது உள்ளே ஒரே புழுக்கம். குழந்தை தூளியில் இல்லை, தாயின் மடியில் கிடந்தது. உடம்பெல்லாம் சிவப்பாக மணலை அள்ளிக் கொட்டியது மாதிரி இருந்தது. மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்ளே போய்வந்தன. அந்த மூச்சுச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சொம்பைத் தூக்கினேன். தாயே, குளுந்து என்று சொல்வதற்கு முன்பே வால் வந்துவிட்டது. வேண்டுதலே இல்லை, வெறும் வால் மட்டும். இதை இட்டுக்கினு போ. குழந்தையின் மூச்சு ஒருகணம் தடைப்பட்டது. நான் செய்ததுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. சொம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையில் விழுந்து எழுந்து, ஏரிக்கரை ஏறி, மதகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தூரத்தில் அந்தத் தாய் கத்துவது கேட்டது.

"ஐயோ, என் கொயந்தைய பாத்துட்டு ஓடிட்டாளே! இன்னாத்த பாத்தாளோ!"

அம்மை போட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஊசி போட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும் என்பார்கள். ஆனால் நான் ஓடியதைக் கண்டு வண்டிக்காரர் மிரண்டுபோய், யார் தடுத்தும் கேட்காமல், மாட்டைப் பூட்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோனார். நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறிப்போயிருக்கும் என்றார்களாம். குழந்தை பிழைத்துத் திரும்பியது.

திரும்பி வந்ததும் அந்தத் தாய் நேராக எங்கள் வாசலுக்கு வந்து என் முன்னால் விழுந்தாள். "ஓடிக் காட்டிக் குடுத்தியே தாயி. வாயால சொல்லாம காலால சொன்னியே." அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் குழந்தையைக் கொண்டுபோகச் சொன்னவள் நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தெருவில் இத்தனை பேர் இருந்தார்கள், நான் ஏன் ஓடினேன் என்று ஒருத்தர்கூட என்னிடம் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் முன்னாலேயே தெரிந்திருந்தது.

கேட்டவன் தம்பிதான். மத்தியானம் அம்மாவும் அத்தையும் கண்ணயர்ந்திருந்தார்கள். நான் வேப்பங்கொழுந்தால் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா ஓடின?"

ஆறு வயசுப் பிள்ளை. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குனிந்து அவன் காதில் சொன்னேன். "சாமி கும்பிடறப்போ, இட்டுக்கினு போயிடுன்னு தானா வருதுடா. உன்னையுந்தான்."

"எங்க இட்டுக்கினு போவும்?"

"செத்துப்போறதுடா."

"உனுக்கு என் மேல கோவமாக்கா? உன் பம்பரத்த ஏரில போட்டுட்டேன்னா?"

"இல்லடா. நான் சொல்லல. அது வருது."

அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. ஆனால் அழவில்லை, அம்மா இருக்கிற வீட்டில் அழக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து நான் தெளித்து முடிக்கும்வரை கண்ணைத் திறந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் மெதுவாகக் கேட்பான், "இப்ப வந்துச்சா?"

"வரல" என்பேன்.

ஒவ்வொரு தடவையும் பொய். அவன் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். என் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவன்தான். பாதியைக் கொடுத்த பிறகும் என்னுடைய பங்கு கொஞ்சம்கூடக் குறையவில்லை.

முத்தெல்லாம் உதிர்ந்து பொருக்கான பிறகு, ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதென்று முடிவானது. அம்மாவை மரியாதையாக வழியனுப்பும் நாள் அது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, காலையிலிருந்து வாசலில் வெயிலில் காயவைத்திருந்தார்கள். தெருவே திரண்டுவிட்டது. பம்பைக்காரர் ஒருவரையும் அத்தை வரவழைத்திருந்தாள். தம்பியைக் கோவணத்தோடு பலகையில் உட்காரவைத்தார்கள். இளைத்துப்போய், புள்ளி புள்ளியாக, கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். முதல் சொம்பு என் கையால் என்று பேச்சு.

எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. இது அம்மா கிளம்புகிற நேரம். இப்போது வால் வந்தால் அவள் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் அழிக்க நேரம் கிடையாது. ஆகவே இந்த ஒரு தரமாவது சுத்தமாக வர வேண்டும்.

சொம்பை மொண்டு அவன் தலைக்குமேல் தூக்கினேன். தாயே, குளுந்து போயிடு. வால் வந்தது. ஊற்றவில்லை. மறுபடி. வந்தது. மறுபடி. கை வலித்தது, சொம்பு ஆடியது, தண்ணீர் என் முழங்கை வழியாக ஒழுகியது. ஊற்ற முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண் இருட்டியது.

"வந்துட்டா! அம்மா வந்துட்டா!" என்று யாரோ கூவினார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. பம்பை அடி வேகமானது. யாரோ என் நெற்றியில் குங்குமத்தை அப்பினார்கள். அத்தை என் காலடியில் கற்பூரம் ஏற்றினாள்.

"சொல்லு தாயே, இன்னா குத்தம் சொல்லு" என்று நாலு பக்கமும் குரல். நான் நைனாவைத் தேடினேன். அவர் வந்து இதை நிறுத்திவிடுவார் என்று நம்பினேன். கோயில் பக்கமே அதிகம் போகாத மனுஷன், யாருக்கும் தலை வணங்காதவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே, ஏற்கெனவே ஒரு புள்ளைய குடுத்துட்டோம். இவன உட்டுடு. இவன கேக்காத தாயே."

பெற்ற அப்பா, தன் மகளைப் பார்த்து. அவர் கண்ணில் நான் இல்லை. நைனா, நான்தான், உங்க பொண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அந்த நிமிஷம் போலத் தனியாக நான் என் வாழ்க்கையில் வேறெப்போதும் இருந்ததில்லை.

பலகையிலிருந்து தம்பி அண்ணாந்து பார்த்தான். அத்தனை இரைச்சலுக்கு அடியில் அவன் குரல் எனக்குக் கேட்டது.

"வந்துச்சாக்கா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "வந்துச்சுடா. வந்துனே கீது."

அவன் என்னைப் பார்த்தான். உச்சி வெயிலில் அவன் தோளில் பொருக்கெல்லாம் சிவந்திருந்தது. "பரவால்ல, ஊத்து. பலக சுடுது."

ஊற்றினேன். வாலோடு சேர்த்து ஊற்றினேன். தண்ணீர் அவன் தலையில் விழுந்து மண்ணில் ஓடியது. ஜனங்கள் அம்மா சாந்தமாகிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அவன் எப்போது சாவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் சாகவில்லை. சாயங்காலம் தாளித்த ரசம் கேட்டு அழுதான். அத்தை ஆசைப்பட்டபடி என்னைக் குறி சொல்ல உட்காரவைக்கவும் முடியவில்லை, அடுத்த மாதமே நான் வயதுக்கு வந்ததால் தெரு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. ஆனால் நைனா மட்டும் பழையபடி ஆகவில்லை. அதற்கு முன்பெல்லாம் "எங்கடீ போய்த் தொலைஞ்ச?" என்று கத்துவார். அதற்குப் பிறகு "வாம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். என்னைத் திட்டுவதையே விட்டுவிட்டார். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. திட்டு வாங்குகிற பிள்ளையாக இருக்க நான் ஏங்கினேன்.

பின்னால் கல்யாணமாகி உத்திரமேரூருக்கே வந்தேன். தம்பி ஊரிலேயே பயிர் பார்த்தான். போன் இல்லாத காலத்தில் குழம்பு கொண்டுபோகிற சாக்கில் போய் அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவேன். போன் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அவன் எங்கே கிளம்பினாலும் போய்ச் சேர்ந்ததும் எனக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னாலும் அரை மணியில் மறுபடி கூப்பிடுவேன். "அக்கான்னா உன்ன மாதிரி இருக்கணும்" என்று உங்களில் சிலபேரே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் சிரித்துவைத்தேன்.

ஒருநாள் விளக்கேற்றப் போன நான் வாலை அழித்துக்கொண்டே பூஜை அலமாரி முன்னாலேயே நின்றுபோய், அடுப்பில் பால் பொங்கிப் பாத்திரமும் கருகிய பிறகுதான் என் மகள் என் கோளாறைக் கண்டுபிடித்தாள். மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். எனக்கென்ன பைத்தியமா என்று வழியெல்லாம் சண்டை போட்டேன். டாக்டர் என் மகள் வயசுப் பெண். ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"கும்பிடறப்போ வேண்டாத நினைப்பு ஏதாவது வருதாம்மா? வேண்டியவங்களுக்குக் கெடுதல் நடக்கிற மாதிரி?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அதற்கு ஓ.சி.டி. என்று ஒரு பெயர் சொன்னாள். எல்லோர் மனசிலும் கண்டதும் வந்துபோகுமாம். வந்ததை நிஜமென்று பயந்து, அழிக்க அழிக்கத்தான் அது வேர் பிடிக்குமாம். மாத்திரை கொடுத்தாள். கூடவே ஒரு பயிற்சியும் கொடுத்தாள், அது மாத்திரையைவிடக் கசப்பு. வாலோடு சேர்த்து வேண்டுதலைச் சொல்ல வேண்டும், அழிக்காமல் விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியில் ஆரம்பித்து, முன்பின் தெரியாதவர்கள், தெரிந்தவர்கள் என்று மெல்ல மெல்ல ஏறினோம். கடைசிப் படி தம்பி. அவன் எதிரிலேயே, வாய்விட்டு. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நேற்று மத்தியானம் அவன் வந்திருந்தான். தாமலில் இருக்கிற மகள் வீட்டுக்குத் தன் மொபெட்டிலேயே போகப் போகிறானாம். காஞ்சிபுரம் தாண்டினால் லாரிகள் பறக்கிற ரோடு. அவனுக்கும் அறுபது தாண்டியாயிற்று, கண்ணில் புரை வேறு. பஸ்ஸில் போயேன்டா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னிக்கி சொல்லிடு. டாக்டரம்மா எனுக்கு போன் பண்ணி சொல்லிக்கீறாங்க."

பதினொரு வயதில் போலவே உள்ளங்கை சில்லிட்டது. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"தாயே, குளுந்து போயிடு. இவனையும் இட்டுக்கினு போயிடு."

இத்தனை வருஷத்தில் அவனுக்கான அந்த வாலை வேண்டுதலோடு சேர்த்து என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பி தலையை ஆட்டினான். "எதுல இட்டுக்கினு போறாளாம்? என் வண்டியில பெட்ரோல் கம்மியா கீது" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கிளம்பிப் போய்விட்டான்.

தாமலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அத்துப்படி. அந்த நேரம் வந்தது, போனது. போன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. நான் அவனைப் போனில் கூப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அவனிடமும் போய்ச் சேர்ந்ததைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாளாம். யார் என்ன சொன்னாலும் கேட்காத பிறவி அவன், சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன டாக்டருக்கு எதிரிலேயே லட்டு தின்றவன். எப்படியும் எனக்காக மனசு கேட்காமல் கூப்பிட்டுவிடுவான் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்தது. விளக்கேற்றி ஒருதரம் கும்பிட்டேன். வால் வந்தது. அழிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன் அடிக்கவில்லை. ஒன்று, என் தம்பி பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு டாக்டர் பேச்சைக் கேட்டிருக்கிறான். இல்லையென்றால் ரோட்டோரம் எங்கோ விழுந்து கிடக்கிறான். இரண்டில் எது என்று தெரியாமலே, தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.